இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஒரு வரி

ஓய்வூதியர் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் தாலுகா அலுவலகப் பதிவறையில் இப்போது வேலை பார்க்கும் நித்யா மூன்று முறை கேட்டுவிட்டாள். பழைய பதிவேடுகளை எல்லாம் அங்கே ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறார்கள். “பேஜ் எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துடுச்சு சார். ஆனா யாரோட தாத்தா எந்தப் பேஜ்ல இருக்காருன்னு எங்களுக்குத் தெரியல. நீங்க எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க? அதை எழுதுங்களேன்” என்றாள்.

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் தாம்பரத்திலிருந்து படப்பை வரை எந்தக் குடும்பத்தின் கொள்ளுத்தாத்தா எந்தத் தெருவில் குடியிருந்தார், எந்த வருஷம் செத்தார் என்று கேட்டாலும் ஒரு மணி நேரத்தில் பக்கத்தை எடுத்து மேஜையில் வைத்தவன். எம்.ஏ. படித்த அதிகாரிகள் என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் கை கட்டி நின்று காத்திருக்கிறார்கள். தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். முப்பத்தாறு வருஷ சர்வீஸில் “ஏகாம்பரம் தேடிக் கிடைக்கவில்லை” என்று ஒரு மனுவும் திரும்பிப் போனதில்லை.

எப்படித் தேடினேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எங்கே தவறினேன் என்பதை விட்டுவிட்டு அதை எழுத முடியாது என்று இரண்டாவது பாராவிலேயே தெரிந்துவிட்டது. நான்கு நாளாகப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன்.

நான் சேரும்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அலுவலக உதவியாளர். முதல் நாளே பதிவறைக்கு அனுப்பினார்கள், ஏனென்றால் அங்கே யாரும் விரும்பிப் போகமாட்டார்கள். தூசி, கரையான், ஒரு தடவை கட்டுக்குள்ளிருந்து ஒரு முழப் பாம்புச்சட்டை. ஆறு மாதம் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடந்ததுதான் என் பயிற்சி. அதற்குள் எந்த ஊர் எந்த அலமாரி என்று முதுகெலும்புக்கே தெரிந்துவிட்டது.

பதிவறை எழுத்தர் அருளப்பன் சார். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அதனாலேயே அவரிடம் எல்லோருக்கும் பயம். பிடிக்காத வேலையைப் பார்த்தால் கண்ணாடியைக் கழற்றி, நாம் செய்த தப்பின் மேலேயே வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் பார்ப்பார். அவர் திரும்புவதற்குள் தப்பு எதுவென்று நாமே கண்டுபிடித்தாக வேண்டும்.

அவர் வகுத்த முறை ஒன்று உண்டு. மனு வந்ததும் எண் போட வேண்டும். புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தால் அந்த இடத்தில் நம் கையெழுத்து உள்ள சீட்டைச் சொருக வேண்டும். கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பினால் அன்றைக்கு முழுக்கப் பெருக்கும் வேலைதான். வரியைக் கண்டுபிடித்ததும் இரண்டு அட்டைகளை எடுப்போம். கறுப்புத் துணி ஒட்டிய தடித்த பைண்டிங் அட்டைகள். வரிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்துப் பக்கத்தை மூடிவிட வேண்டும். நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் தெரியும். அதற்குப் பிறகுதான் மனுதாரரை உள்ளே கூப்பிட வேண்டும்.

“அவங்க வீட்டு வரி அவங்களுக்கு. பக்கத்து வீட்டு வரி பக்கத்து வீட்டுக்கு. தாசில்தாரே வந்தாலும் அட்டையை எடுக்காத” என்பார்.

சேர்ந்த இரண்டாம் வருஷம், எனக்குத் தெரிந்த டீக்கடைக்காரர் ஒருவருக்கு அவர் வீட்டு வரியைக் காட்டும்போது, அட்டையைக் கொஞ்சம் நகர்த்தி அடுத்த வீட்டு வரியையும் காட்டினேன். அதில் இரண்டாம் மனைவி என்று இருந்தது. மறுநாள் அந்தத் தெருவில் அடிதடி. அருளப்பன் சாருக்கு விஷயம் போய்விட்டது. என்னை எதிரே உட்கார வைத்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. இரண்டு அட்டைகளையும் என் பக்கமாகத் தள்ளினார்.

“ஏகாம்பரம், உன் வீட்டு வரியை எடுத்து நான் வாசிக்கட்டுமா?”

சும்மா கேட்டிருக்கலாம். எனக்கு அப்படிப் படவில்லை. ஏன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த அலுவலகத்தில் இரவுக் காவலராக இருந்தவர் கோவிந்தன். அவர் பணியில் இருக்கும்போதே இறந்தார். கருணை அடிப்படையில் அவர் மகனுக்குக் கொடுத்த வேலைதான் என் வேலை. ஆனால் நான் அவர் மகன் இல்லை. செங்கல் சூளையில் வேலை செய்த என் அம்மா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பாவை நான் பார்த்ததில்லை. கோவிந்தனுக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளை இல்லை. என்னை வீட்டில் வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் தகப்பன் கையெழுத்து கேட்டார்கள், கோவிந்தன் போட்டார். அவ்வளவுதான், நான் கோ. ஏகாம்பரம் ஆனேன். அவர் போன பிறகு அந்த அம்மாள் கஞ்சிக்கு வழியில்லாமல் நின்றாள். “நீதான்டா புள்ள” என்று மனுவில் கைநாட்டு வைத்தாள். நானும் கையெழுத்துப் போட்டேன். அவள் கடைசி மூச்சு வரை சோறு போட்டேன். ஆனாலும் பொய் பொய்தான்.

கோவிந்தனின் வீட்டு வரி உள்ள ரேஷன் குடும்பப் பதிவேடு அந்தப் பதிவறையிலேயே, கீழ்த்தட்டில் இருந்தது. நான் அவர்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே எழுதியது. அதில் அவரும் மனைவியும் இரண்டே பேர். அந்தப் புத்தகத்தை நான் தொட்டதே இல்லை. அருளப்பன் சார் தொட்டாரா, தெரியாது. அவர் ஓய்வு பெறும்வரை தினமும் காலையில் அவர் முகத்தைப் பார்த்து, இன்றைக்கு மறுபடி கேட்பாரா என்று பயந்துகொண்டே வேலை செய்தேன். கேட்கவே இல்லை. போகிற நாளில் அந்த இரண்டு அட்டைகளை மட்டும் என் கையில் கொடுத்து, “உனக்குத்தான் இது தேவைப்படும்” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று பதினைந்து வருஷம் யோசித்திருக்கிறேன்.

அவர் அந்தக் கேள்வியைக் கேட்ட நாளிலிருந்து அட்டை வைக்காமல் நான் எந்தப் பக்கத்தையும் பார்த்ததில்லை. மனுதாரர் இல்லாதபோதும், நான் ஒருவன் மட்டும் அறையில் இருக்கும்போதும், புத்தகத்தைத் திறந்ததும் வரியைப் பிடித்து மேலும் கீழும் மூடிவிடுவேன். மற்றவர்கள் அதை ஒழுக்கம் என்று பாராட்டினார்கள். எனக்குப் பயம். முழுப் பக்கத்தைப் பார்ப்பவன் ஒரு நாள் என் பக்கத்தையும் பார்த்துவிடுவான் என்கிற பயம்.

என் திறமைக்கும் ஒரு உதாரணம் சொல்ல வேண்டும். ஒரு அம்மாள் தன் அப்பா இறந்த தேதி வேண்டும், திதி கொடுக்க வேண்டும் என்று வந்தாள். இறப்புப் பதிவேட்டில் தேதி இருந்தது. நான் அதைக் கொடுக்க மறுத்துவிட்டேன். அந்தக் காலத்தில் கிராம அதிகாரிகள் வருஷக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்திக்கு முந்தின வாரம் உட்கார்ந்து, அந்த வருஷத்துப் பிறப்பு இறப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதுவார்கள். ஒரே மை, ஒரே கை. ஊரே அந்த ஒரு வாரத்தில்தான் செத்தது போல இருக்கும். அட்டைகளுக்கு நடுவே தெரியும் ஒரு வரியின் மையைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன். அந்த அம்மாளை மயானத்தில் எரிகூலி வாங்கிய சீட்டுகளை நாள்வாரியாக வைத்திருந்த குடும்பத்திடம் அனுப்பினேன். அவர் இறந்த திதி அமாவாசை என்று சரியாகக் கிடைத்தது. துணை வட்டாட்சியர் என்னைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார்.

அதிலிருந்து நான் ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன். வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லுவேன்: “தேதி பொய் சொல்லும். பேரு பொய் சொல்லாது.” என் பேரே பொய் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் சொன்னேன். ஒருவேளை தெரிந்ததால்தான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ என்னவோ.

இனி சொல்லப் போவது போன வருஷம் ஆடி மாதம் நடந்தது. நான் ஓய்வு பெற்று நாளாகிறது. அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். முன்னோர் விவரம் தேடி வருகிறவர்களுக்கு மனு எழுதித் தருவேன். உள்ளே புத்தகத்தை எடுத்துத் தரவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கௌரி என்கிற பெண் தன் தம்பியோடு வந்தாள். கீழ்க்கட்டளையில் தையல் கடை வைத்திருப்பவள், கணவர் இல்லை. தம்பி சேகருக்குப் படப்பையில் இரும்புச் சாமான் கடை. கௌரியின் மகள் சங்கீதாவுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை பிரபு, ஏ.சி. மெக்கானிக், பல்லாவரம். இரண்டு வீட்டுப் பத்திரிகைகளும் அச்சாகி வந்திருந்தன. கௌரி இரண்டையும் என் முன்னால் வைத்தாள்.

“சார், இத பாருங்க.”

பெண் வீட்டுப் பத்திரிகையின் உச்சியில் ‘குவாரி முனீஸ்வரர் துணை’ என்று இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகையின் உச்சியிலும் அதே ‘குவாரி முனீஸ்வரர் துணை’.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி படித்தேன். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே குலதெய்வம் என்றால் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை.

“பொண்ணு பாக்கும்போது இதக் கேக்கலையா?” என்றேன்.

“எங்க கேக்கறது? ரெண்டும் பாத்துக்கினு பழகிக்கினு வந்து நின்னுச்சுங்க” என்றான் சேகர். “எங்க மாமா உசுரோட இருந்தா அவரு வழி அவருக்குத் தெரியும். எங்கக்காவுக்கு இன்னா தெரியும்? மாப்ளயோட அப்பன் மணியக் கேட்டா, தாத்தா கல்லு ஒடச்சாரு, அவ்ளோதான் தெரியும்ன்றாரு. நீதான் நைனா பாத்து சொல்லணும்.”

கௌரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன. “இருபது நாளுதான் சார் கீது.”

சங்கீதாவின் அப்பா வழிக் கொள்ளுத்தாத்தா கன்னியப்பன். பிரபுவின் கொள்ளுத்தாத்தா துரைசாமி. இரண்டு பேரும் மலையடிவாரக் குவாரியில் கல் உடைத்தவர்கள். மூன்று நாளில் இரண்டு பேரின் இறப்புப் பதிவையும் பிடித்துவிட்டேன். கன்னியப்பன், தகப்பன் பெயர் முனுசாமி மேஸ்திரி. துரைசாமி, தகப்பன் பெயர் முனுசாமி மேஸ்திரி.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் செய்ய வேண்டும் என்று பழைய ரேஷன் குடும்பப் பதிவேட்டையும் எடுத்தேன். முனுசாமி மேஸ்திரியின் குடும்பப் பக்கம் இருந்தது. வழக்கம்போலப் புத்தகத்தைத் திறந்ததும் அட்டைகளை வைத்தேன். ஒரு வரி: கன்னியப்பன், மகன். தேதியையும் வயதையும் நம்பாதவன், பேரை மட்டும் பென்சிலில் எடுத்துக்கொண்டு அட்டைகளைக் கீழே இறக்கினேன். இன்னொரு வரி: துரைசாமி, மகன். அதையும் எடுத்துக்கொண்டேன். புத்தகத்தை மூடினேன்.

கௌரி வீட்டுக் கூடத்தில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தது. எனக்கு நல்ல நாற்காலி, டீ, பிஸ்கட். மூன்று சான்றுகளையும் வரிசையாக அடுக்கி, ஒரு வக்கீல் மாதிரி பேசினேன். கடைசியில் “தேதி பொய் சொல்லும், பேரு பொய் சொல்லாது. ரெண்டு பேரும் கூடப் பொறந்த அண்ணன் தம்பி” என்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தக் கூடத்தில் எல்லோரும் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தபோது, எவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறேன் என்று எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது.

மணி எழுந்து செருப்பைக் கூடப் போடாமல் வெளியே போனார். பிரபு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அறை வாசலில் நின்ற சங்கீதா நேராக என்னிடம் வந்தாள். அழவில்லை. பாங்கில் கேள்வி கேட்பது போலக் கேட்டாள்.

“சார், அப்ப நான் பிரபுவ இனிமே அண்ணான்னு கூப்புடணுமா?”

நான் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் கௌரி ஜெராக்ஸ் கடைக்கு வந்தாள். தலை சீவவில்லை. கடைக்காரர் கேட்காத மாதிரி என் காதருகே குனிந்து சொன்னாள்: “சார், ரெண்டு மாசம் முன்னாடியே ரிஜிஸ்டர் ஆபீசுல கல்யாணம் பண்ணிக்கினாங்களாம். நேத்திக்குத்தான் சொல்றா. சாப்புடல. பேசல. நான் அந்த ரூமு தாழ்ப்பாள ஸ்க்ரூ டிரைவர் வெச்சு கயட்டிட்டேன். கதவாண்டயே பாய் போட்டுக் குந்திகினு கீறேன். கடைக்குப் போக பயமா கீது. இங்க வந்துட்டேனே, இப்பவும் பயமா கீது.”

சொல்லிவிட்டு அவள் ஓடினாள். நிஜமாகவே ஓடினாள், பஸ் ஸ்டாப் வரைக்கும்.

பிரபு அன்று மத்தியானத்திலிருந்து எதிர்த்த சுவரோரம் வந்து நிற்க ஆரம்பித்தான். பேசமாட்டான். வேலை உடுப்போடு, கையில் ஸ்பானர் பையோடு நிற்பான். இரண்டாம் நாள் கிட்டே வந்தான்.

“சார், இன்னொரு தபா பாருங்க.”

“தம்பி, முப்பத்தாறு வருஷம் பாத்தவன் நான். ஒரு தபா பாத்தா போதும்.”

“தப்பா இருந்தா?”

“எம் பேரு தப்பா இருந்தாத்தான் அது தப்பா இருக்கும்” என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. அவன் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஆனால் என் பேரே தப்பு என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் தாழ்ப்பாள் இல்லாத அந்தக் கதவு தெரிந்தது. அதற்குள்ளே ஒரு பெண். நான் அனுப்பி வைத்த அண்ணன் என்கிற சொல்லோடு அவள் தனியாக இருக்கிறாள்.

மூன்றாம் நாள் காலை, அலுவலகம் திறந்ததும் நித்யாவிடம் போய் அந்தப் பதிவேட்டைக் கேட்டேன். மேஜையில் வைத்துத் திறந்தேன். என் கை தானாக அட்டைகளை எடுத்தது. வைக்கப் போனவன் நிறுத்தினேன். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அந்த அட்டைகளைக் கீழே வைக்கக் கை வரவில்லை. கோவிந்தனின் வரி உள்ள புத்தகம் இருந்த கீழ்த்தட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்தேன். பிறகு இரண்டையும் நித்யாவிடம் கொடுத்துவிட்டேன்.

முழுப் பக்கத்தையும் படித்தேன்.

குடும்பத் தலைவர் முனுசாமி மேஸ்திரி, வயது நாற்பது. மனைவி ராஜம்மாள், வயது முப்பத்து நான்கு. அதற்குக் கீழே மகன்கள். கன்னியப்பன் இருபத்திரண்டு. காளி இருபத்திரண்டு. அடுத்தவன் இருபத்து மூன்று. துரைசாமி இருபத்திரண்டு. மறுபடி ஒரு இருபத்து மூன்று. எண்ணிப் பார்த்தேன். பதினோரு மகன்கள். எல்லோரும் இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில். மகள் ஒருத்திகூட இல்லை.

நித்யா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். “என்ன சார் இது, கிரிக்கெட் டீமா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கார்டில் பேர் இருந்தால்தான் அரிசி கிடைத்த காலம் அது. தனி ஆளுக்குக் கார்டு கிடையாது, குடும்பத்துக்குத்தான். மேஸ்திரிக்குக் கல் உடைக்க ஆள் நிற்க வேண்டும். எங்கிருந்தோ பஞ்சம் பிழைக்க வந்த பதினோரு பேரைத் தன் மகன்கள் என்று எழுதிவிட்டார். பிறகு அவரவர் தனிக் கார்டு வாங்கியபோதும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தபோதும், செத்தபோதும் அந்தப் பேரே கூட வந்துவிட்டது. மேஸ்திரி கும்பிட்ட முனீஸ்வரரையே அத்தனை பேரும் கும்பிட்டார்கள். குலதெய்வம் ஒன்றானது இப்படித்தான். ஒரு பேர் ஒருவன் மேல் எப்படி ஒட்டிக்கொள்ளும் என்று இந்த உலகத்தில் எனக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? நான் அதைப் பார்க்கவில்லை. இரண்டு அட்டைகளை வைத்துக்கொண்டு இரண்டு வரிகளை மட்டும் பார்த்தேன்.

எத்தனை வீட்டுக்கு இப்படி ஒரு வரியை மட்டும் காட்டி அனுப்பியிருப்பேன் என்று அப்போதுதான் தோன்றியது. அந்த நினைப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, பக்கத்தின் நகலுக்கு மனுப் போட்டு வாங்கிக்கொண்டு, ஆட்டோவில் கீழ்க்கட்டளைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் அந்த வீட்டு வாசலில் கூட்டம் இருக்கக் கூடாது, கூட்டம் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன். கூட்டம் இல்லை. கதவருகே பாயில் கௌரி உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்தை ரத்து செய்யும் விஷயம் பேச சேகர் வந்திருந்தான்.

நகலைக் காட்டி விளக்கினேன். சேகர் அதை வாங்கிப் படித்தான். இரண்டு முறை படித்தான்.

“போன வாரம் இன்னா சொன்ன பெரியவரே? பேரு பொய் சொல்லாதுன்ன. இப்ப பேரும் பொய் சொல்லுதா? மாப்ள வூட்டுக்காரங்க உன்ன நல்லா கவனிச்சிட்டாங்களா?”

“யாரும் கவனிக்கல. நான்தான் முதல் தடவை சரியாப் பாக்கல.”

“சரி, பதினோரு பேரும் மேஸ்திரி புள்ளைங்க இல்லைன்னே வெச்சிக்க. அதுல ரெண்டு பேரு நெசமாவே கூடப் பொறந்தவங்களா இருந்தா? அது இந்த ரெண்டு பேராவே இருந்தா?”

அவன் இரும்புக் கடைக்காரன். கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. நான் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றியது.

“இருக்கலாம்பா. இல்லைன்னு எழுதிக் குடுக்க என்கிட்ட ஆதாரம் இல்ல. ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, இருபத்திரண்டு. அண்ணன் தம்பின்னு சொன்னேன் பாரு, அதுக்கும் ஆதாரம் இல்ல. அத நான்தான் கெளப்பினேன்.”

“கெவர்மெண்ட் புஸ்தகத்துல அப்பன்னு எழுதினா அவன் அப்பன்தான்யா. ஊரு அதத்தான் நம்பும். எவனாவது அப்பன் பேர மாத்தி எழுதுவானா?”

அந்த இடத்தில்தான் நான் நின்றேன். கதவின் அந்தப் பக்கம் ஒரு அசைவும் இல்லை. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாளா, தூங்குகிறாளா, ஒன்றும் தெரியவில்லை. எனக்கு மாதா மாதம் வரும் பென்ஷன், என் பேரன்களுக்கு என் மேல் உள்ள மதிப்பு, தெருவில் “ஏகாம்பரம் சார்” என்கிற அழைப்பு எல்லாம் ஒரு நொடியில் கண் முன்னால் வந்து போயின. கேட்காமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

“எழுதுவான்” என்றேன். “என் அப்பா பேரு கோவிந்தன்னு சர்வீஸ் புக்குல கீது. அவரு என் அப்பா இல்ல. அவரு புள்ளைன்னு சொல்லித்தான் இந்த வேலையில சேந்தேன். இன்னிக்கு வரைக்கும் பென்ஷன் வாங்கறதும் அப்படித்தான்.”

சொன்ன பிறகு என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

சேகர் என்னையே பார்த்தான். “நான் ஒரு பெட்டிஷன் போட்டா உன் பென்ஷன் நின்னுடும். தெரியுமா?”

“தெரியும்.”

“பின்ன ஏன் சொன்ன?”

“அந்தப் பொண்ணு என்ன ஒரு கேள்வி கேட்டுச்சு. அன்னிக்கு பதில் சொல்லாம போயிட்டேன்.”

கௌரி பாயிலிருந்து எழுந்தாள். “உங்க நெச அப்பா பேரு இன்னா சார்?”

“ஆறுமுகம்னு அம்மா சொல்லும். எந்தப் புஸ்தகத்திலயும் இல்ல.”

அவள் தம்பியிடம் திரும்பினாள். “கேட்டுக்கினியாடா? ஆபீசரே இப்டி கீறாரு. நாலாவது தலமொறைக்கு எவன்டா சாட்சி சொல்லுவான்? அவன் வந்து எம் பொண்ண வளத்தானா? என் பொண்ணுக்கு நான் சாட்சி. கல்யாணம் நடக்கும். நீ தாய்மாமன், மாலை எடுத்துக் குடுக்க இஷ்டம்னா வா. இல்லன்னா படப்பையில கடைய பாத்துக்கினு இரு.”

“நான் வரலன்னா சொன்னேன்” என்றான் சேகர். கொஞ்ச நேரம் நகலை மடித்து மடித்துச் சின்னதாக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். “வரேன். ஆனா பெரியவரே, நீ சொன்னத மறக்க எனக்கு வராது.”

கதவு திறந்தது. சங்கீதா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வீங்கியிருந்தது. யாரையும் பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, “டேய், எங்கடா இருக்க? சாப்டியா?” என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

நான் சொல்லிக்கொள்ளாமல் இறங்கி வந்துவிட்டேன்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. நான் மண்டபத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு, பந்திக்கு உட்காராமல் திரும்பினேன். மாலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சேகர் மேடையிலிருந்து என்னைப் பார்த்தான். வணக்கம் வைத்தான். அது என்ன வணக்கம் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. சங்கீதாவுக்கும் பிரபுவுக்கும் இப்போது குழந்தை பிறக்கப் போகிறதாம். அந்த இரண்டு கொள்ளுத்தாத்தாக்கள் யார் பெற்ற பிள்ளைகள் என்று எனக்கு இன்று வரை தெரியாது. ஒன்று, இரண்டு ராத்திரி அதை நினைத்து விழித்துக் கிடந்ததும் உண்டு.

நித்யா, நீ கேட்டதற்கு இதுதான் பதில். பேரைத் தேடாதே, பக்கத்தைப் படி. மனுதாரருக்கு ஒரு வரியைக் காட்டு, ஆனால் நீ முழுசாகப் பார்த்துவிட்டுக் காட்டு. இதை மலரில் போடுவதோ, மேலே அனுப்புவதோ, உன் கடமை எதுவோ அதன்படி செய். உன்னைக் குறை சொல்ல மாட்டேன். கீழ்த்தட்டுப் புத்தகங்களின் ஸ்கேனும் அடுத்த மாதம் ஆரம்பம் என்று நீயே சொன்னாய்.

எங்கள் தெருவுக்குத் தபால்காரர் பதினொன்றரைக்கு வருவார். ஆபீஸ் கவர் ஏதாவது வந்தால் நானே வாங்க வேண்டும் என்று அந்த நேரத்தில் இப்போதெல்லாம் நான் வெளியே எங்கும் போவதில்லை.